வெயிலில் வெடித்த எழுத்துகள்

அன்புள்ள மச்சான்,

கபுறடிக்குப் போகிறவர்கள் அங்கே அடங்கியிருப்பவர்களுக்கு முதலில் சலாம் சொல்வார்கள். பெண்கள் நாங்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. ஆகவே என் சலாத்தை இந்தக் கடதாசியில் வைத்து அனுப்புகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் நண்பர்கள் உங்களுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். நம் அச்சகத்தில்தான் அச்சாகிறது. மற்றவர்கள் எழுதித் தந்ததையெல்லாம் நானே புறூப் பார்த்துவிட்டேன். ஒருவர் உங்களை இமயமலை என்று எழுதியிருந்தார். வெட்டிவிட்டேன். கல்முனையில் இமயமலையைக் கண்டவர் யார்? எனக்கும் ஏதாவது எழுதச் சொன்னார்கள். எனக்கு அழுது எழுதவும் வராது, புகழ்ந்து எழுதவும் வராது. கன்னியர் மடத்துப் பாடசாலையில் சிஸ்டர்கள் பழக்கியபடி, நடந்ததை நடந்த வரிசையில்தான் எழுத வரும்.

ஆகவே, நீங்கள் போன பிறகு உங்கள் நெட்டையனால் நடந்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். மலரை வாசிக்கிறவர்களும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

அவர்களுக்காக ஒரு விளக்கம். நெட்டையன் ஆள் அல்ல, எழுத்து. மட்டக்களப்பில் ஓர் அச்சகத்தை மூடியபோது நீங்கள் வாங்கி வந்த மர எழுத்துகள். ஒரு சாண் உயரம் இருக்கும், அகலமோ இரண்டு விரல், மூன்று விரல். ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கும். குண்டு எழுத்தில் இரண்டு வரிக்கு ஓடும் பெயர் இதில் ஒரே வரியில் அடங்கும். அதுவும் சிறுத்துப் போகாமல், ஓடும் பஸ்ஸிலிருந்து வாசிக்கும் அளவுக்குப் பெரிதாக. "இடம் குறைய, சத்தம் கூட" என்று அதை மெச்சுவீர்கள். அந்த எழுத்துப் பெட்டியை என் சீதன வீட்டின் முன் விறாந்தையில், நம் அச்சகத்தில், வைத்த நாளிலிருந்து, வருகிறவர்கள் என்னை விசாரிப்பதற்கு முன் அதைத்தான் விசாரித்தார்கள்.

பிறகு சூறாவளி வந்தது. விறாந்தையின் கூரை போனது. ஈய எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மர எழுத்துகள் தண்ணீர் குடித்து ஊதிக் கிடந்தன. வெயில் வந்ததும் வளவில் பாயை விரித்து, அவற்றைப் பரப்பி, நெல்லைத் துழாவுவதுபோலத் துழாவிக்கொண்டு நின்றீர்கள். இந்த ஊரில் எதைத்தான் வெயிலில் காயப்போடாமல் விடுகிறோம்? நெல், கருவாடு, மிளகாய், மெத்தை. எழுத்தையும் போட்டுவிட்டீர்கள். பின்னேரமாகும்போது பாயிலிருந்து சின்னச் சின்ன வெடிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், ஒவ்வோர் எழுத்தின் முகத்திலும் மேலிருந்து கீழாகப் பிளவு.

"இனி இது அடுப்புக்குத்தான்" என்றேன்.

"என்ன புள்ள செல்ற? இப்பதான் இதுக்கு உசிரே வந்திரிக்கி. ஒரு தாள் அடிச்சிப் பாரு" என்றீர்கள்.

அடித்துப் பார்த்தோம். பிளவுகளில் மை பிடிக்கவில்லை. கறுப்பு எழுத்துக்குள் வெள்ளைக் கோடுகள் ஓடின. சுழிகள் அங்கங்கே அறுந்து தெரிந்தன. உங்களுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு, கழுவாத முகத்தோடு விருந்துக்கு வந்தவனைப் பார்த்ததுபோல இருந்தது. மையைக் கூட்டினால் பிளவு மூடும், ஆனால் சுழிகளும் சேர்ந்து அடைபடும் என்று எழுத்துக் கோர்க்கும் நம் கொம்போசிட்டர் இஸ்மாயில் சொன்னார். "அப்ப வெடிப்போடேயே ஓடட்டும்" என்று முடித்துவிட்டீர்கள்.

அந்த எழுத்தில் முதலில் வெளியே போன வேலை எது என்று நினைவிருக்கிறதா? சூறாவளியில் மவுத்தானவர்களின் பெயர்களைப் பள்ளிவாசல் சுவரில் ஒட்டுவதற்காக அச்சிட்டோமே, அதுதான். அந்த வேலைக்கு அது பொருந்தியது. அதை நான் அன்றும் மறுக்கவில்லை. கூரை இல்லாத வீடுகளுக்கு நடுவில் வழுவழுப்பான எழுத்து நின்றிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். ஆனால் நீங்கள் அதோடு நிறுத்தினீர்களா? நிவாரண அறிவித்தல் எல்லாவற்றுக்கும் நெட்டையன். இழந்த படகுகளைப் பதிவதற்கு நெட்டையன். நிந்தவூரிலிருந்து திருக்கோவில் வரை, மதகுகளிலும் மில் சுவர்களிலும், அந்த மழைக் காலம் முழுவதும் ஊர் அந்த எழுத்தைத்தான் வாசித்தது.

நான் சொன்னேன், "ஒரு எழுத்தை எந்த விசயத்துக்குப் பழக்குறீங்களோ, பிறகு அது அதைத்தான் சொல்லும்" என்று. நீங்கள் சிரித்தீர்கள். "எழுத்து என்ன, வளர்ப்புக் கிளியா?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் மவுத்தான பிறகு நான் இத்தாவில் இருந்தேன். வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாத காலம் அது. விறாந்தைக்கும் அறைக்கும் இடையில் தடித்த திரை போட்டிருந்தார்கள். அச்சக வேலை நிற்கவில்லை. இஸ்மாயில் திரைக்குக் கீழால் புறூப்பைத் தள்ளுவார், நான் பிழை திருத்தித் திருப்பித் தள்ளுவேன். சில உறவினர்களுக்கு இது பிடிக்கவில்லை. இத்தாவில் இருக்கிறவள் கமாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் முகம் காட்டக் கூடாது என்று எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்டேன்.

அந்த வாடைக் காலத்தில்தான் கடற்கரைப் பக்கத்து அலியார் கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்டார். உங்களுக்கு அவரைத் தெரியும். இடப்பக்கப் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும், எல்லாவற்றுக்கும் பகிடி சொல்வார். கூடப் போகும் மச்சினனுக்கு அன்று காய்ச்சல். தனியாகவே வள்ளத்தை இறக்கியிருக்கிறார். வள்ளத்தையும் காணவில்லை, ஆளையும் காணவில்லை.

அவருடைய மனைவி கதீசா அச்சகத்துக்கு ஆள் அனுப்பினாள். பொத்துவில் வரை ஒட்டுவதற்குச் சுவரொட்டி வேண்டும், கண்டவர்கள் தகவல் தர வேண்டும் என்று. எனக்கு அன்று உடம்பு சரியில்லை என்பதால் இஸ்மாயில் என்னைக் கேட்காமல், உங்களுடைய வழக்கப்படியே வேலையை முடித்துவிட்டார். மேலே "காணவில்லை", கீழே "அலியார்". இரண்டும் நெட்டையனில். பெரிதாக, கறுப்பாக, நெடுக வெடிப்போடு. பார்வைக்கு நல்ல வேலைதான். தூரத்திலிருந்தே கண்ணில் அடிக்கும்.

ஆனால் என்ன நடந்தது தெரியுமா? ஒட்டிய மறுநாளே அயலவர்கள் கதீசா வீட்டுக்குச் சோறு கொண்டு வரத் தொடங்கினார்கள். சாவு நடந்த மையத்து வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று கொண்டு வருவோமே, அந்தச் சோறு. பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் ஒருவர் வந்து, மவுத்தானவருக்கு யாசீன் எப்போது ஓதுவது என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மாமியார் வீட்டுப் பக்கம் வெள்ளைப் புடவை எடுத்து வைத்துவிட்டார்கள். கதீசாவும் இத்தாவில் உட்கார வேண்டுமாம். யாரும் தகவல் கொண்டு வரவில்லை. யாரும் கடற்கரையில் தேடப் போகவில்லை. தேடுவதாக இருந்த மச்சினன்கூட வீட்டிலிருந்து தஸ்பீஹ் மணி உருட்டினான்.

கதீசா சுவரிலிருந்து உரித்த ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே என் அறைக்குள் வந்தாள். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். அது எனக்குப் பிடித்தது.

"மாமி, நான் தேடித் தாங்க எண்டுதானே கேட்டன்? நீங்க அவரக் கபுறில வெச்சிட்டீங்களே."

"என்ன புள்ள கதைக்கிறாய்? காணவில்லை எண்டுதானே போட்டிரிக்கி?"

"வாசிச்சாத்தானே மாமி! ஆரு வாசிக்கிற? எழுத்தக் கண்ட உடனே மவுத்துக்குச் செல்ற மாதிரி இன்னாலில்லாஹி எண்டு செல்லிட்டுப் போறாங்க. இது மையத்து எழுத்து மாமி. எங்கட வாப்பாட பேரும் இதிலதானே பள்ளிச் சுவரில கிடந்த?"

திரைக்கு அந்தப் பக்கத்தில் இஸ்மாயில் தொண்டையைச் செருமினார். "மாமா இருந்தாலும் இதத்தான் போட்டிரிப்பார், மாமி" என்றார்.

அது உண்மைதான் மச்சான். நீங்களும் இதையேதான் போட்டிருப்பீர்கள். அப்போது நான் உங்களோடு சண்டை பிடித்திருப்பேன். இப்போது சண்டைக்கு ஆள் இல்லை, வேலை மட்டும் இருந்தது.

"அவர் ஹயாத்தோட இரிக்கார் எண்டு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கதீசாவிடம் கேட்டேன்.

"தெரியாது மாமி. ஆனா மவுத்தாகிட்டார் எண்டு இவங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். அவளுடைய மனிசன் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு யாராவது கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். அப்படி நினைக்கவைக்கும் எழுத்து நம்மிடம் எது?

பெட்டி பெட்டியாக யோசித்துப் பார்த்தேன். நெட்டையனை விட்டால் நம்மிடம் இருந்த பெரிய எழுத்து, கலியாண அழைப்பிதழில் மணமகன் மணமகள் பெயருக்குப் போடும் வட்ட எழுத்துதான். ஒரு நகத்தளவு உயரம். பிளவு இல்லை, சிதைவு இல்லை, சுழியெல்லாம் முழுதாக இருக்கும். அதையே போடச் சொன்னேன். முழுச் சுவரொட்டித் தாள். நடுவில் மட்டும் சில வரிகள். சுற்றிவர வெள்ளை.

"இதென்ன மாமி, தாளில முக்காவாசி சும்மா கிடக்கு?" என்றார் இஸ்மாயில்.

"கிடக்கட்டும்."

"தூரத்தில இருந்து ஒண்டும் விளங்காது."

"விளங்காட்டி கிட்ட வருவாங்க."

"கலியாணக் காட் மாதிரி இரிக்கி மாமி."

"கல்முனையில கலியாணக் காட்ட வாசிக்காம விட்ட மனிசன் ஆரும் இரிக்காங்களா?"

அவர் சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சந்தோசத்தில், மூலைக்கு மூலை ரோஜாப்பூ வைக்கட்டுமா என்றும் கேட்டுவிட்டார். பூ வேண்டாம் என்றேன். ஓர் எழுத்து தன் வேலையைச் செய்யும்போது பக்கத்தில் பூ நின்று தலையாட்டக் கூடாது.

வாசகத்தையும் மாற்றினேன். "காணவில்லை" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். "அலியார் இன்னும் வீடு வந்து சேரவில்லை. வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்." அதற்குக் கீழே இடப் புருவத்துத் தழும்பு, நீலச் சாரன், வள்ளத்தின் நிறம். அடியில் நம் அச்சகத்தின் பெயரும் ஊரும். திரைக்குக் கீழால் புறூப் வந்தது. கதீசாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மறுபடியும் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள்.

"இதில அவர் வாற மாதிரி இரிக்கி மாமி" என்றாள்.

ஒட்டும் இடத்தையும் மாற்றச் சொன்னேன். மில் சுவர் வேண்டாம், மதகு வேண்டாம். பஸ் தரிப்பிடத்துக்கு உள்ளே, தேநீர்க் கடை வாங்குக்கு எதிரே, ஐஸ் அறைக் கதவில், உட்கார்ந்திருக்கிறவனின் கண் மட்டத்தில். இஸ்மாயில் பஸ் கொண்டக்டர்களிடம் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டார். அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். திருக்கோவிலில் தமிழ் மீனவர்கள் தங்கள் வாடிக் குடிசைகளின் கதவுகளில் தாங்களே ஒட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கதீசா வெள்ளைப் புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அதற்காக அவள் வாங்கிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். பேசியவர்கள் இந்த மலரை வாசிப்பார்கள்.

மழை குறைந்த ஒரு காலையில் பொத்துவிலிலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி நம் விறாந்தைக்கு வந்தார். திரைக்கு இந்தப் பக்கத்தில் நான். அவர் குரல் இப்போதும் காதில் இருக்கிறது.

"தம்பி, இந்தப் பேப்பர் அடிச்ச இடம் இதுதானே? இந்த மனிசன் பாணமைக்கு அங்கால, ஒரு வாடியில கிடக்கார். வள்ளம் அங்க ஒதுங்கி, கால் முறிஞ்சி, காய்ச்சல் புடிச்சி, சிங்கள ஆக்கள்தான் கஞ்சி குடுத்துப் பாக்காங்க. ஆறு பெருகி ரோட்டு மூடிக் கிடந்த. அதான் ஒரு செய்தியும் வரல்ல. நான் நேத்துத்தான் அங்கால போய் வந்தன்."

அந்நிய ஆணோடு பேச வேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் திரைக்குள் இருந்து கேட்டேன்: "தழும்பு எந்தப் புருவத்தில?"

அவர் திடுக்கிட்டிருக்க வேண்டும். குரல் திரைப் பக்கம் திரும்பியது. "இடப்பக்கம் உம்மா. காய்ச்சலோடேயும் பகிடி விடுறார், அந்த ஆள்தான்."

பிறகு அவர் சொன்னதுதான் நான் உங்களுக்கு எழுத நினைத்தது. "முந்தியும் ஒரு பேப்பர் கண்டன் தம்பி, பொத்துவில் மில் சுவரில. வெடிச்ச எழுத்து. அது சூறாவளி நேரத்துப் பேப்பர், இன்னும் கிழியாமக் கிடக்கு எண்டு நினைச்சிட்டுப் போயிட்டன். பொறகு தேத்தண்ணிக் கடையில இதக் கண்டன். ஆருக்குக் கலியாணம் எண்டு பாக்கத்தான் கிட்டப் போன."

மச்சான், அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒட்டின பசை காயாத தாளை, சில வருடம் பழையது என்று ஒரு மனிதன் நம்பிக் கடந்து போயிருக்கிறான். அவன் எழுத்துத் தெரியாதவன் அல்ல. உங்கள் எழுத்தை அவன் மிக நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான். அதுதான் விசயம்.

அலியாரை லொறியில் கொண்டு வந்தார்கள். கால் தேறிய பிறகு ஒரு நாள், பொல்லை ஊன்றிக்கொண்டு கதீசாவோடு நம் வீட்டுக்கு வந்தார். அவள் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் வளவில் நின்றபடியே சத்தம் போட்டார்.

"மாமி! ரெண்டு பேப்பரையும் பாத்தன். முதல் பேப்பரில என்ட பேர் எவ்வளவு பெரிசு! ஹயாத்தோட இரிக்கான் எண்டதும் பொடிசாக்கிட்டீங்களே. மவுத்தாகினாத்தான் உங்கட மிசின் மதிக்குமா?"

"வாய மூடுங்க மனிசா" என்றாள் கதீசா, யன்னலைப் பார்த்து. அப்போதுதான் அவள் அழுதாள்.

அன்றோடு இஸ்மாயிலுக்கு ஒரு கட்டளை போட்டேன். உயிரோடு இருக்கும் எந்த மனிதரின் பெயரும் நெட்டையனில் வரக் கூடாது. நாடகத்துக்குப் போடலாம், கயிறிழுத்தல் போட்டிக்குப் போடலாம், ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது, பக்கத்தில் பூவேலை வைக்கக் கூடாது. தேர்தல் காலத்தில் ஒருவர் தன் பெயரை அதில்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். காரணத்தைச் சொன்னதும் வட்ட எழுத்தே போதும் என்று போய்விட்டார்.

இனி இந்த மலரின் கதை. கல்முனைக்கும் இப்போது ஓப்செற் மெஷின் வந்துவிட்டது. உங்கள் நண்பர்கள் மலரின் அட்டையை அங்கே அடிக்க நினைத்து, கொழும்பில் ஓர் ஓவியரிடம் எழுத்து வரைவித்துக் கொண்டு வந்தார்கள். "கபூர் நினைவு மலர்" என்று நெடுத்து, ஒடுங்கி, பிளந்த எழுத்து. இப்போது அங்கே இதுதான் பாணியாம். நல்ல எழுத்தை வரைந்து, பிறகு அதை உடைக்கிறார்களாம். நெட்டையனைப் பார்த்தே செய்ததாகச் சொல்லி, நான் மகிழ்வேன் என்று காத்திருந்தார்கள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "கபூர்" என்பதில் ஒரு ர். "மலர்" என்பதில் ஒரு ர். இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில், ஒரே வெடிப்பு. வெயில் அப்படி வெடிக்க வைக்காது. ஓர் எழுத்துக்கு நடந்தது இன்னோர் எழுத்துக்கு அப்படியே நடக்காது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கு முகம் வாடிவிட்டது.

"அப்ப எந்த எழுத்துல போடுற மாமி?" என்று இஸ்மாயில் கேட்டார். வட்ட எழுத்து, சாய்வெழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நெட்டையனை மட்டும் சொல்லவில்லை. என் கட்டளைக்குப் பயம்.

முதலில் வட்ட எழுத்தில் உங்கள் பெயரைக் கோர்த்துப் பார்த்தேன். கதீசா சொன்னது சரி. அந்த எழுத்தில் பெயர் கிடந்தால் ஆள் வருகிற மாதிரி இருக்கிறது. அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

தேட வேண்டிய மனிதனுக்குத்தான் நெட்டையன் ஆகாது. உங்களை யாரும் தேட வேண்டியதில்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பெயரை அந்த எழுத்தில் காண்கிறவர்கள் இன்னாலில்லாஹி சொல்லிவிட்டுக் கடந்து போகட்டும். அது சரியான வாசிப்புத்தான்.

கட்டளையை மீறவில்லை என்று இஸ்மாயிலிடம் விளக்கிச் சொன்னேன். அவர் நெட்டையன் பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டு விறாந்தைக்குப் போய்விட்டார். எழுத்துகளை நானே எடுத்தேன். க, பூ, ர். நெட்டையன் கட்டையைக் கையில் எடுத்தது இதுதான் முதல் முறை. நினைத்ததைவிடப் பாரமில்லை.

அட்டை கடைசியாகத்தான் மெஷினில் ஏறும். அன்று நான் பக்கத்தில் நிற்பேன். முதல் தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். உங்கள் பெயர் ஒரு மயிரளவு சாய்ந்திருந்தாலும், நீங்கள் "விடு புள்ள, ஆரு பாக்கப் போறா" என்று சொல்லும் அந்த இடத்தில், நான் விடமாட்டேன். மெஷினை நிறுத்தி, நேராக்கிவிட்டுத்தான் மற்றத் தாள்கள். இது என் வாக்கு.

உங்கள் மாமன் மகளும் மனைவியுமான
சுபைதா